யார் சொன்னது, எப்படித் தெரியும்?

எட்டாம் வகுப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு, முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவு செய்வது எப்படி என்று செய்துகாட்டத் தெரிந்திருக்க வேண்டும். 2017இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட தொடக்கநிலைக் கற்றல் விளைவுகளில், சமூக அறிவியல் பகுதியில் இப்படி ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை சட்டமன்றத் தொகுதிகளின் வரைபடத்தில் தன் தொகுதியைக் கண்டுபிடித்து, உறுப்பினரின் பெயரையும் சொல்ல வேண்டும் என்கிறது இன்னொன்று. ஆறாம் வகுப்பில், பாகுபாடு என்னென்ன வடிவங்களில் வருகிறது, எங்கிருந்து ஊறுகிறது என்று விளக்கத் தெரிய வேண்டும். அந்த ஆண்டுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளைத் திருத்தி, வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் கற்றல் விளைவுகளை வகுத்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆகவே இந்தப் பட்டியலை யாரோ மேடையில் சொல்லிவிட்டுப் போன ஆசையாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசு எழுதிக்கொடுத்த வாக்கு இது.

அந்தப் பட்டியலை நான் மரியாதையோடு படிக்கிறேன். காவல் நிலைய வாசல்வரை போய்த் தயங்கித் திரும்பியவர்களைப் பார்த்த யாரோ ஒருவர் அதை எழுதிய குழுவில் இருந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் புகார் கொடுக்கப் போகிறவர்கள் பலர், புகார் வந்ததற்கு மட்டும் சாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி வீடு திரும்புகிறார்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பதாகத் தகவலில் தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. பதிந்த அறிக்கையின் நகலைத் தகவல் கொடுத்தவருக்குக் காசு வாங்காமல் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 154ஆம் பிரிவின் இடத்தில் இப்போது 173 நிற்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், கொடுத்த மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த பாடநூல் இந்த மாற்றத்தை எட்டிப் பிடிக்க ஆண்டுகள் ஆகும். வகுப்பில் ஒரு திரையும் இணையமும் இருந்தால், சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே பிள்ளைகள் அதைப் பார்த்துவிடலாம். சோசியல் வகுப்பில் தொழில்நுட்பத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நடப்பது வேறு. இந்தக் கற்றல் விளைவு திரைக்கு வந்து சேரும்போது, எஃப்.ஐ.ஆர். என்பதன் விரிவாக்கம் என்ன என்ற ஒரு மதிப்பெண் வினாவாகவும், கீழே நாலு விடையாகவும் சுருங்கிவிடுகிறது. பிள்ளை சரியானதைத் தொட்டதும் பச்சை விளக்கு எரிகிறது. விளைவு எட்டப்பட்டதாகப் பதிவாகிறது.

இந்தச் சுருக்கம் தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. கற்றல் குறிக்கோள்களை எழுதும் முறையும் கற்பிக்கும் இயந்திரமும் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தவை. பாடத்திட்டம் வகுக்கிறவர் எதை அடையப் போகிறோம் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்று கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் எழுதினார். 1956இல் பெஞ்சமின் ப்ளூமும் அவர் குழுவும் குறிக்கோள்களை நினைவுகூர்தலில் தொடங்கி மதிப்பிடுதல்வரை படிப்படியாக அடுக்கினார்கள். அதே ஆண்டுகளில் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தார்: சிறிய கேள்வி, சிறிய பதில், சரியா தவறா என்பது அந்த நொடியே தெரியும், பிறகு அடுத்த கேள்வி. 1962இல் ராபர்ட் மேகர் குறிக்கோள்களை எப்படி எழுதுவது என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். உலகெங்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்குள் போன புத்தகம் அது. ஸ்கின்னர் பெட்டியின் வழியில் வந்த நிரல்வழிக் கற்பித்தலுக்கான குறிக்கோள்களைத் தயாரித்தல் என்றுதான் அதற்கு முதலில் தலைப்பிட்டிருந்தார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. பிள்ளைக்குப் புரிந்ததா என்று எழுதாதீர்கள், பிள்ளை என்ன செய்வதைக் கண்ணால் பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள் என்பது அவர் அறிவுரை. அதில் நியாயம் உண்டு. எஃப்.ஐ.ஆர். பதிவைச் செய்துகாட்டுவதும் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்தான். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் செயல்கள் நூறு இருந்தாலும், அவற்றில் இயந்திரம் திருத்தக்கூடியவை மட்டும் மிஞ்சுகின்றன. கணக்குப் பாடத்தில் இதனால் வரும் இழப்பு கொஞ்சம். சமூக அறிவியலில் பாடமே போய்விடுகிறது.

வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். நடுநிலைப் பள்ளியில் மேப் என்றால் கடையில் வாங்கிவரும் மேப் ஷீட். ஆறுகளுக்கு நீலம், மலைத்தொடருக்குப் பழுப்பு, ஊர்ப் பெயருக்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கணக்காக இப்படிக் குறித்துப் பழகிய பிள்ளையிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒரு தாளில் வரையச் சொல்லிப் பாருங்கள். வடக்கு எது என்பதிலேயே பென்சில் நின்றுவிடும். வரைபடம் என்பது யாரோ அளந்து, எதை விடுவது எதைப் போடுவது என்று முடிவெடுத்து வரைந்தது என்ற எண்ணமே மேப் ஷீட்டிலிருந்து வராது. அது வானத்திலிருந்து இறங்கியதுபோல் கையில் கிடைக்கிறது.

இந்தியாவை அளந்த கதை சென்னையில் தொடங்கியது என்பதை எத்தனை வகுப்புகளில் சொல்கிறோம்? 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியைத் தரையில் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே பல பத்தாண்டுகளில் இமயம்வரை போனார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதிச் சேதமானது. நில அளவை கற்றுத்தர 1794இல் மதராஸில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியானது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வாங்க நிலம் தெரிய வேண்டியிருந்தது, படை நடத்த வழி தெரிய வேண்டியிருந்தது. இதைக் கேட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளை அடுத்த தடவை ஒரு மேப்பைப் பார்க்கும்போது, இதை யார் வரைந்தார்கள், எதற்காக என்று கேட்கும். அந்தக் கேள்வியைச் சமூக அறிவியலின் பாதி என்பேன்.

இனி, திரை. கூகுள் எர்த் 2005இலும் இஸ்ரோவின் புவன் தளம் 2009இலும் வந்தன. ஊரக வகுப்பறையில் ஆசிரியர் ப்ரொஜெக்டரைப் போட்டுத் தங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் வகுப்பே எழுந்து நிற்கும். "அந்தா கம்மாய்", "அந்தா நம்ம ஸ்கூலு", "எங்க வீட்டு மாட்டுக் கொட்டாய் சார்" என்று குரல்கள் மேலே மேலே ஏறும். இந்த மகிழ்ச்சி உண்மையானது. இதற்கு ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்குவதில் தவறே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தெரியும். கூரைகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்கின்றன. பிறகு ஒரு வயலோ ஓடையோ சாலையோ குறுக்கே வருகிறது. அதற்கப்பால் இன்னொரு கொத்துக் கூரைகள். ஊர் இங்கே, காலனி அங்கே. சுடுகாட்டுக்குப் போகும் பாதைகள் இரண்டு. தேர் சுற்றும் தெருக்கள் எங்கே முடிகின்றன என்பதும் தெரியும். பாடநூலில் சமத்துவம் பற்றிய பாடம் இருக்கிறது. அம்பேத்கரைப் பற்றியும் தப்பெண்ணத்தைப் பற்றியும் அது பேசுகிறது. ஆனால் பாடநூல் எல்லா ஊருக்கும் பொதுவானது, அதனால் எந்த ஊரின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. திரையில் நிற்பதோ இந்த ஊர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளும் அந்தப் படத்தின் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து காலையில் நடந்து வந்தவர்கள்.

ஆசிரியர் அந்த நொடியில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டென்று படத்தை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். "உன் வீடு எங்கேடா, வந்து காட்டு" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவது அதைவிட மோசம். ஒரு பகுதிப் பிள்ளைகள் உற்சாகமாக எழுந்து வருவார்கள். இன்னொரு பகுதிப் பிள்ளைகள் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார்கள். பாகுபாட்டைப் புரியவைக்கும் பெயரில் அதை வகுப்புக்குள்ளேயே நடத்திக்காட்டியதாக ஆகிவிடும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதற்கான திறவுகோல் கற்றல் விளைவுகளிலேயே இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், சாலை, மின்சாரம் போன்ற பொது வசதிகளைத் தருவதில் அரசின் பங்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை அடையாளம் காண வேண்டும் என்கிறது அது. ஆகவே வீடுகளைக் கேட்க வேண்டாம், வசதிகளைக் கேட்போம். மேல்நிலைத் தொட்டி எங்கே இருக்கிறது? ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிறுத்தம், துணை சுகாதார நிலையம் எங்கே? இந்தத் தளங்களில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தூரம் அளக்கும் வசதி உண்டு. ஊரின் நான்கு கோடிகளிலிருந்து ஒவ்வொரு வசதிக்கும் எத்தனை மீட்டர் என்று பிள்ளைகள் அளந்து அட்டவணை போடட்டும். யார் பெயரும் வராது, எந்தச் சாதியின் பெயரும் வராது. அட்டவணை முடியும்போது ஒரு நிரலில் மட்டும் எண்கள் பெரிதாக இருக்கும். "ஏன் சார் இதுல மட்டும் எல்லாமே தூரமா இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து, அதன் சொந்த அளவையிலிருந்து வர வேண்டும். அம்பேத்கர் பாடத்தை அதற்குப் பிறகு திறந்தால் அது வேறு பாடமாக இருக்கும்.

அத்தோடு நிறுத்தினாலும் போதாது. மேலிருந்து பார்க்கும் படத்தில் தொட்டி தெரியும். அதிலிருந்து எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது தெரியாது. தெருவிளக்குக் கம்பம் தெரியும். இரவில் எரிகிறதா என்பது தெரியாது. அதற்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும், அத்தையையும் அப்பத்தாவையும் கேட்க வேண்டும். திரை இங்கே செய்யும் நல்ல வேலை, எங்கே நடந்து போக வேண்டும் என்று காட்டுவது.

அளந்து எழுதிய தாளுக்குப் போக ஓரிடமும் இருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையைத் தந்திருக்கின்றன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஐயும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1ஐயும் சேர்த்து 2022இலிருந்து தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஆகஸ்ட் 15 அன்று பிள்ளைகள் கொடியேற்றத்துக்காகப் பள்ளிக்கு வருகிறார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதே நாளில், நடந்துபோகும் தூரத்தில், கிராம சபை கூடுகிறது. கிராம சபை எந்தெந்த நாளில் கூடும் என்பது அவர்களுடைய தேர்வில் வினாவாக வரும்! வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள், பிள்ளைகளுக்கு அங்கே உரிமை கிடையாது. ஆனால் எட்டாம் வகுப்பு அளந்த அட்டவணையை ஓர் அப்பாவோ பெரியம்மாவோ கையில் கொண்டுபோய்ப் படிக்கலாம். அது தீர்மானமாகுமா என்று நமக்குத் தெரியாது. தீர்மானமாகாமல் போனால் ஏன் ஆகவில்லை என்பதும் பாடம்தான்.

தொழில்நுட்பத்தின் மேல் தமிழ்நாட்டுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அடுத்து மற்ற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றில் க்யூஆர் கோடு இருந்தது, வண்ணமும் வடிவமும் இருந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளையின் கையில் இவ்வளவு அழகான புத்தகம் இருப்பதைப் பார்த்து நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், பிறகு தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள்.

அந்தப் பாடநூல்களில் பாட முடிவில் இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கம் வரும். உரலியைத் தட்டு அல்லது க்யூஆர் கோடை ஸ்கேன் செய், இந்த இடத்தைச் சொடுக்கு, அடுத்து இதைச் சொடுக்கு என்று படிப்படியாக, திரைப் படங்களோடு. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், உலாவி கேட்டால் ஃப்ளாஷ் பிளேயரை அனுமதிக்கும்படி ஒரு குறிப்பு. 2020 டிசம்பர் 31ஓடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷைக் கைவிட்டது. அதை நம்பியிருந்த செயல்பாடுகள் உலாவிகளில் நின்றுபோயின. அச்சடித்த பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மென்பொருளுக்கு ஆயுள் குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. அந்தப் பக்கத்தின் படிகள் எங்கே சொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகும். கடைசியில் என்ன கண்டாய், அது சரியென்று எப்படித் தெரியும் என்று கேட்பது அரிது. அந்தக் கேள்வி அங்கே இருந்திருந்தால், ஃப்ளாஷ் போனாலும் பிள்ளை வேறொரு தளத்துக்குப் போய் அதே வேலையைச் செய்திருக்கும்.

எப்படித் தெரியும் என்ற கேள்விக்குக் கீழடி அகழ்வாய்வைவிட நல்ல பாடம் நமக்கு வாய்க்காது. ஆறாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே வரலாறு என்றால் என்ன என்பதுதான். சான்றுகளின் வகைகளை அடையாளம் கண்டு அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று விவரிப்பது அந்த வகுப்பின் கற்றல் விளைவு. ஸ்மார்ட் போர்டில் போடும் காணொளியில் கம்பீரமான குரல் ஒன்று, பின்னணி இசையோடு, கீழடியின் வயது இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகள் என்று சொல்கிறது. பிள்ளைகள் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். பெருமையும் கொள்கிறார்கள், கொள்ளட்டும். ஆனால் அந்த எண் வந்த வழியைக் காட்டினால் பெருமை குறையுமா என்ன? அகழ்வாய்வுக் குழியிலிருந்து கரித்துண்டுகளை எடுத்து அமெரிக்காவின் மியாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580ஐக் காட்டியது. 2 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது அதற்கு முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பிந்தியது. ஆழம் கூடக்கூடக் காலமும் பின்னே போகிறது. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று கீறியிருக்கிறார்களே, அந்த ஓடு எந்த ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு வென்றது. எத்தனை மாதிரி எடுத்தார்கள், ஒரு கரித்துண்டை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று இன்னொரு பிள்ளை கேட்டால் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று உட்கார வைக்கக் கூடாது. அறிஞர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கணினியை வரலாற்றுக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கும் நம்மிடம் ஒரு முன்னோடி இருக்கிறார். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிக் குறிகளின் தொகுப்பை 1977இல் வெளியிட்டார். கணினி என்ற சொல்லே பலருக்குத் தெரியாத காலத்தில் அதன் உதவியோடு செய்த வேலை அது. இந்தக் குறிக்கு என்ன பொருள் என்று அவர் இயந்திரத்திடம் கேட்கவில்லை. எந்தக் குறி எங்கே வருகிறது, எதற்கு அடுத்து வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அடுக்க அதைப் பயன்படுத்தினார். பொருளைப் பற்றிய யோசனை மனிதரின் வேலையாகவே இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு விரிதாளில் இதைச் செய்யலாம். தங்கள் ஊர்க் கோயில் சுவரிலோ சத்திரத்துக் கல்லிலோ உள்ள நன்கொடையாளர் பெயர்களை ஆண்டுவாரியாக ஏற்றிப் பார்த்தால், எந்த ஆண்டிலிருந்து பெண்களின் பெயர்கள் வருகின்றன, எந்த ஆண்டில் ரங்கூனும் பினாங்கும் வருகின்றன என்பது தெரியும்.

ஏழாம் வகுப்பில் ஊடகமும் ஜனநாயகமும் என்று ஒரு பாடம் வருகிறது. அச்சு ஊடகம், மின்னணு ஊடகம் என்று வகைகளைச் சொல்லிப் போகிறது. பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் ஊடகமோ அம்மாவின் போனில் வரும் வாட்ஸ்அப் செய்தி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு செய்தித் தளத்தின் முகப்பைக் காட்டியபோது, விளம்பரதாரர் பணம் கொடுத்து வெளியிட்டது என்று மேலேயே எழுதியிருந்த ஒன்றை நடுநிலை வகுப்புப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். கணினிக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவில் நடந்தது இது. அதே குழு பின்னர், செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்றும் பார்த்தது. தெரியாத ஒரு பக்கத்துக்குப் போனால் அவர்கள் அதிலேயே ஆழ்ந்து படிப்பதில்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளுக்கொரு டேப்லெட் வேண்டியதில்லை. ஒரு திரை, ஒரு வாட்ஸ்அப் செய்தி, நாற்பது நிமிடம் போதும். எதைத் தேடலாம் என்று வகுப்பு சொல்ல, ஆசிரியர் தட்டிக்கொண்டு போகலாம்.

இப்போது கேட்டதற்கெல்லாம் சரளமாக எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. கிராம சபையைப் பற்றிக் கட்டுரை எழுது என்றால் நொடியில் எழுதுகின்றன. உங்கள் ஊராட்சியின் வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். அதே சரளத்தோடு இல்லாததையும் எழுதும். வகுப்பில் இதைத் திறந்து, வந்த பதிலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் சரிபார்த்துவரச் சொல்லும் ஆசிரியரை நான் கும்பிடுவேன்.

இவ்வளவும் தேர்வில் வராவிட்டால் நிலைக்காது. மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா என்ற அமைப்பு 1980களில் ஹோஷங்காபாத் வட்டாரத்தின் சில அரசு நடுநிலைப் பள்ளிகளில் சமூக அறிவியலைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தபோது, பாடநூலை மாற்றியதோடு நிற்கவில்லை, தேர்வையும் மாற்றியது. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதினார்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் மட்டும் விடை வராது, யோசித்தால்தான் வரும் என்ற வகையில் வினாக்களை அமைத்தார்கள். தொழில்நுட்பம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. தேர்வைப் பற்றிய துணிவு மட்டும் இருந்தது.

நம்மிடம் இருப்பது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற ஏற்பாடு. அந்த 40இல் இடம் இருக்கிறது. நடைமுறையில் அது சார்ட் ஒட்டுவதிலும் படம் சேகரிப்பதிலும் தீர்ந்துபோகிறது. தொகுத்தறித் தேர்வுத் தாளில் இப்படி ஒரு வினா வரட்டும்: ஓர் ஊரின் நான்கு தெருக்களிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும் ரேஷன் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் உள்ள தூரம் அட்டவணையில் தரப்பட்டுள்ளது. எந்தத் தெருவுக்கு வசதி குறைவு? அட்டவணை சொல்லாத, நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விவரங்கள் எவை? யாரிடம், எந்த நாளில் கோரிக்கை வைக்கலாம்? பத்து மதிப்பெண் கொடுங்கள். குடிமையியலும் புவியியலும் சேர்ந்து ஒரே வினாவில் வந்துவிடும்.

இந்த வினாவை ஓ.எம்.ஆர். தாள் திருத்தாது, ஹைடெக் லேப் கணினியும் திருத்தாது. ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சமூக அறிவியலுக்கென்று குறைந்தது ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பல நடுநிலைப் பள்ளிகளில் மூன்று வகுப்புக்கும் சேர்த்து அந்த ஒருவர்தான் இருக்கிறார். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் வருகைப் பதிவையும், உதவித்தொகை விவரத்தையும், விலையில்லாப் பொருள்களின் கணக்கையும் பிள்ளை பிள்ளையாக ஏற்றுவதும் அவருடைய பொழுதில்தான் நடக்கிறது. தொழில்நுட்பம் அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லித்தான் பள்ளிக்குள் வந்தது. அந்தப் பதிவு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மூன்று வகுப்புகளின் விடைத்தாள்களையும் வரிவரியாகப் படிக்க இந்தப் பருவத் தேர்விலேயே அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும்.